உதறும் ஸ்டீயரிங், மரை போன ஸ்டட்: பழைய ஸ்விஃப்ட்டில் முன் டிஸ்க் மாற்றும் வேலை

கேள்வி இதுதான். 2010 மாடல் ஸ்விஃப்ட், மூன்றாவது கைக்கு வந்த வண்டி. 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டயர் மாற்றப் போன இடத்தில், முன் இடது சக்கரத்தின் நான்கு ஸ்டட்டில் (சக்கர நட் ஏறும் மரைத் தண்டு) இரண்டுக்கு மரை போய்விட்டது தெரிந்தது. நட் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. "ஸ்டட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொள்ளலாம், பிரேக் டிஸ்க்கை லேத்தில் கடைந்தால் போதும்" என்கிறார்கள். டிஸ்க், ஸ்டட் இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் வெல்டிங் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். வீல் ஸ்டட் சாதாரண இரும்புக் கம்பி இல்லை, சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் கெட்டுவிடும். ஒட்டின இடம் பளிச்சென்று முறியும் தன்மைக்கு வந்துவிடும், அதை அடுத்த இடம் இளகி நீளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு ஸ்டட் இல்லாத அந்தச் சக்கரத்தோடு பட்டறை வரைக்கும்கூட ஓட்டிப் போக வேண்டாம். வண்டியை நின்ற இடத்திலேயே சரிசெய்யுங்கள், அல்லது தூக்கிப் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் உதறுவதையும் ஸ்டட் போனதையும் இரண்டு தனித்தனிக் கோளாறாக நினைக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: நட்டை அளவில்லாமல், ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் குறைய இறுக்கியது. அதோடு, டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வேரைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் முதல் மாதம் வண்டி வெண்ணெய் மாதிரி நிற்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்ப வந்துவிடும். அப்போது "டிஸ்க் டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ஏன் என்று பாருங்கள். வீல் நட்டின் வேலை வண்டியின் எடையைத் தாங்குவது இல்லை, ரிம்மையும் டிஸ்க்கையும் ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 85 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஏறத்தாழ மூன்றரை டன் அழுத்தம் கிடைக்கும். நான்கு ஸ்டட்டுக்கும் சேர்த்து 14 டன். அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் சக்கரத்தை நகராமல் வைத்திருக்கிறது. இரண்டு ஸ்டட் போனால் பாதி அழுத்தம் போயிற்று. மீதி இரண்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் களைத்து முறியும்.

வண்டியோடு வரும் ஸ்பேனர் சுமார் 30 செ.மீ. நீளம் இருக்கும். அதன் முனையில் 30 கிலோ விசையோடு கையால் இழுத்தாலே 88 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். தேவையானது அவ்வளவுதான். 70 கிலோ ஆள் 45 செ.மீ. ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால் 300-ஐத் தாண்டும். காற்றழுத்தத்தால் நட்டை இறுக்கும் ஏர் கன்னை விட்டுப் பிடித்தாலும் இதே கதைதான். ஸ்டட் மீள முடியாத அளவுக்கு நீளும், மரையின் இடைவெளி மாறும், அடுத்த முறை நட் பாதியில் சிக்கும், அதையும் கன்னால் அடித்து ஏற்றுவார்கள், மரை வழித்துக்கொண்டு வரும்.

அதே சீரற்ற இறுக்கம் டிஸ்க்கையும் கெடுக்கிறது. டிஸ்க் ஹப்பின் மேல் மயிரிழை சாய்ந்து உட்காரும். சாய்ந்த டிஸ்க், பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், அதைக் கவ்வும் பேடைத் தொட்டுத் தொட்டுத் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். ஒரு டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கிடம் 0.02 மி.மீ. வேறுபட்டாலே கையில் உதறல் தெரியும். "டிஸ்க் பெண்டாகிவிட்டது" என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இந்தத் தடிமன் வேறுபாட்டைத்தான். சூடான டிஸ்க்கின் மேல் பேடின் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்வதும் இதே உணர்வைத் தரும்.

சாமான் வாங்கும் முன் உதறல் டிஸ்க்கிலிருந்துதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரேக் மிதிக்காமலே ஸ்டீயரிங் ஆடினால் அது வீல் பேலன்ஸ், டயர், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர்) பக்கம். மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் உதறினால் முன் டிஸ்க். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் அதிர்ந்தால் பின் டிரம்மைப் பாருங்கள். ஸ்டட் எல்லாம் சரியாக உள்ள வண்டி என்றால், ஆளில்லாத நேர் சாலையில் 40 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல ஏற்றினால் பின் டிரம் மட்டும் வேலை செய்யும். அப்போதும் அதிர்ந்தால் டிரம்தான். லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்த வண்டியில் சின்ன உதறலும் பெரிதாகத் தெரியும், அதையும் ஒருமுறை கடப்பாரை கொடுத்து அசைத்துப் பாருங்கள்.

டிஸ்க் கடைசல் விஷயத்தில் என் கருத்து: தடிமன் தாராளமாக இருந்தால் தவறில்லை, பழைய வண்டியில் அநேகமாக இருக்காது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் வார்ப்பிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள். புதிதில் 20 மி.மீ., குறைந்தபட்சம் 18 என்று இருந்தால், ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. தேயத்தான் இடம். அளக்கும்போது ஓரத்தில் எழும்பி நிற்கும் விளிம்பு, தடிமன் அளக்கும் வெர்னியரை ஏமாற்றும். ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை டிஸ்க்கின் இருபுறமும் வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். கடைந்த பிறகும் குறைந்தபட்சத்துக்கு மேல் ஒரு மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் புதுசுதான். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, மலை இறக்கத்தில் வெடிப்பு விடும்.

வாங்க வேண்டியவை: முன் டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட், பேட் கிளிப்புகள், இடது ஹப்புக்கு நான்கு ஸ்டட், நான்கு நட். இரண்டு ஸ்டட்தானே போயிற்று என்று கணக்குப் பார்க்க வேண்டாம், மீதி இரண்டும் எல்லார் சுமையையும் சேர்த்துச் சுமந்து களைத்தவை. டிஸ்க்கையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். வலது பக்க ஸ்டட்டுகளில் ஒரு புது நட்டை விரலால் சுற்றிப் பாருங்கள், அடிவரை விரலாலேயே போனால் அவை நல்லவை. சிக்கினால் அவற்றையும் மாற்றுங்கள்.

மாருதியில் மரை 12 மி.மீ., பிட்ச் (இரண்டு மரைக்கு நடுவில் உள்ள தூரம்) 1.25. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் அதே 12 மி.மீ.தான், பிட்ச் 1.5. இந்த நட் அந்த ஸ்டட்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கிக்கொள்ளும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று கன்னால் அடித்தால் அன்றே மரை போய்விடும். உங்கள் வண்டிக்கும் இதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம், முந்தைய உரிமையாளர் போட்ட நட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டட்டின் கழுத்தில் ரம்பப் பல் போல வரிகள் இருக்கும், அந்த இடத்தின் விட்டமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 0.3 மி.மீ. குறைந்தாலே ஸ்டட் ஹப்பில் சுற்றும். சேசிஸ் எண் கொடுத்துப் புதிதாக வாங்குங்கள். டிஸ்க்குக்கும் அதேதான், ஒரே மாடலில் வேரியண்டுக்கு ஒரு அளவு வரும். பழைய சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கதவும் விளக்கும் வாங்கலாம், ஸ்டட் வாங்கக் கூடாது. எத்தனை முறை இறுக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாத ஸ்டட் அது.

வேலையைச் சமதளத்தில் தொடங்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி, பிறகு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது, ஹப்பில் போடும் விசைக்கு ஜாக்கி சரியும்.

மரை போன நட் வெளியே வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால்: மற்ற நட்டுகளைத் தளர்த்திவிட்டு, ரிம்முக்குப் பின்னால் கடப்பாரையைக் கொடுத்துச் சக்கரத்தை வெளிப்பக்கமாக நெம்பிப் பிடியுங்கள். ரிம் நட்டை வெளியே தள்ளும், மிச்சமிருக்கும் மரை கவ்வும். அந்த நெம்பலிலேயே நட்டைக் கழற்ற முடியும். ஸ்டட்டே சேர்ந்து சுற்றினாலும் இதே உபாயம் பல நேரம் கைகொடுக்கும், தலை ஹப்பில் அழுந்துவதால் நின்றுவிடும். அதற்கும் மசியாவிட்டால் நட்டை உளியால் பிளக்க வேண்டும். அப்படிச் சுற்றின ஸ்டட்டின் ஹப் துளையைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். துளை வழவழவென்று ஆகியிருந்தால் புது ஸ்டட்டும் நிற்காது, ஹப்பையே மாற்ற வேண்டும்.

சக்கரம் வந்ததும் காலிபர், அதாவது பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி. பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் காலிபரில் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைத்து, நிப்பிளைத் திறந்துகொண்டு தள்ளுங்கள். பிஸ்டனுக்குப் பின்னால் கிடக்கும் அழுக்கு ஆயில் மேலே ஏறாமல் வெளியே வந்துவிடும், ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு இது முக்கியம். தள்ளி முடித்த கையோடு நிப்பிளை மூடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கழற்றிய காலிபரைக் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ரப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது. பிரேக் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம், நனைத்துத் துடையுங்கள். அது நுரையீரலுக்கு ஆகாது.

காலிபர் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டும் பின்பக்கம் இருக்கும், கடும் இறுக்கம். ஆறு முனை சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் இல்லாமல் தொட்டால் தலை உருண்டுவிடும். டிஸ்க் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் முகத்தில் மரையோடு இரண்டு சின்னத் துளைகள் தெரியும். 8 மி.மீ. போல்ட் இரண்டை அவற்றில் ஏற்றி, மாற்றி மாற்றி அரைச் சுற்று இறுக்குங்கள், 'டக்' என்று விட்டுவிடும். ஹூண்டாய், ஹோண்டாவில் டிஸ்க்கை ஹப்போடு பிடிக்க இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும், அவற்றைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை போய்விடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும்.

இப்போது ஸ்டட். ஹப்பைச் சுற்றி, பின்னால், ஹப்பைத் தாங்கும் நக்கிளில் பள்ளம் உள்ள இடத்துக்கு நேராக ஸ்டட்டைக் கொண்டுவாருங்கள். அங்கே தலை வெளியேற இடம் இருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசித் தகடு மறைத்தால் அதைக் கழற்றலாம். இடமே இல்லையென்றால் வேலை உங்கள் கையை விட்டுப் போகிறது. ஹப்பைப் பிரஸ்ஸில் பிரிக்க வேண்டும், பிரித்தால் பெரும்பாலும் பேரிங்கும் புதிது போட வேண்டியிருக்கும். இடம் இருந்தால் பால் ஜாயிண்ட் எடுக்கும் சி வடிவப் பிரஸ்ஸை வாடகைக்கு வாங்கி அழுத்தி எடுங்கள். சுத்தியலால் அடித்தாலும் வரும்தான். ஆனால் ஒவ்வொரு அடியும் பேரிங் குண்டுகள் வழியாகத்தான் போகிறது, ஓடுபாதையில் குழி விழுந்தால் சில மாதத்தில் சக்கரம் 'ஊ' என்று பாட ஆரம்பிக்கும்.

புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, விரலால் லேசாகத் திருப்பிப் பழைய வரிகளில் பல் உட்காரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முன்பக்கம் நான்கைந்து கெட்டியான வாஷர்களை, இடையில் கொஞ்சம் கிரீஸ் தடவி அடுக்குங்கள். அதன் மேல் ஒரு பழைய, மறுபக்கம் திறந்த நட்டைத் தலைகீழாக, தட்டைப் பக்கம் வாஷரில் படும்படி போட்டு, கையால் மெல்ல இறுக்கி இழுங்கள். இந்த வேலைக்கு ஏர் கன் ஆகவே ஆகாது. இழுக்க இழுக்கக் கனமாகும், பிறகு ஒரு கட்டத்தில் கல்லில் மோதின மாதிரி நிற்கும். தலை ஹப்பின் முதுகில் உட்கார்ந்துவிட்டது, அங்கே நிறுத்திவிடுங்கள். பின்னால் பார்த்தால் தலைக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒளி தெரியக் கூடாது. தொடக்கம் முதல் கடைசி வரை லேசாகவே வந்தால் சந்தேகப்படுங்கள், துளை தேய்ந்திருக்கிறது. இழுக்கப் பயன்படுத்திய நட்டைக் குப்பையில் போடுங்கள், அதைச் சக்கரத்தில் மாட்டக் கூடாது.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் இடம். இந்த வேலையில் ஒரு மணி நேரம் செலவாகும் என்றால் இருபது நிமிடம் இங்கே போகட்டும். ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். முகம் சுலபம். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் வளையமாகத் துரு நிற்கும், அங்கேதான் அழுத்தம் எல்லாம் விழுகிறது. நடுவில் உள்ள கழுத்தையும் சுத்தம் செய்யுங்கள். கடற்கரை ஊர் வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இங்கே துரு பொருக்குப் பொருக்காக இருக்கும். விரல் நுனியால் தடவும்போது எங்கும் தடங்கக் கூடாது. முகத்தில் கிரீஸ், பெயிண்ட் எதுவும் வேண்டாம். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஆயில் பூசியிருப்பார்கள், பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள்.

டிஸ்க்கை வைத்து, நட்டுகளின் கீழ் வாஷர் போட்டு நான்கையும் சமமாக இறுக்குங்கள். மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் கிடைத்தால் டிஸ்க்கின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே முள்ளை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் அருமை, 0.10-ஐத் தாண்டினால் விடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி, அதாவது 90 டிகிரி திருப்பி, மறுபடி அளந்து பாருங்கள். டிஸ்க்கின் சாய்வும் ஹப்பின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

காலிபர் பின்கள் இரண்டும் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும், பின் இறுகிக்கொள்ளும், அப்புறம் ஒரு பேட் மட்டும் தேயும். இரண்டு பின்னும் வேறு வேறாக இருந்தால் இடம் மாற்றாதீர்கள். பிராக்கெட்டில் பேட் கிளிப்பின் அடியில் உள்ள துருவையும் சுரண்டுங்கள். பேட் கையால் வைத்தால் உட்கார வேண்டும், தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் அது சிக்கி டிஸ்க்கைச் சுட்டுவிடும்.

சக்கரம் மாட்டும்போது மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். ஆயில் தடவினால் அதே டார்க்குக்கு (நட்டைத் திருப்பும் விசைக்கு) அழுத்தம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும், ஸ்டட் மறுபடி நீளும். நட்டுகளை விரலால் ஏற்றுங்கள், குறைந்தது பத்துச் சுற்றாவது மரையில் போயிருக்க வேண்டும். பிறகு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் எதிரெதிராக, முதலில் 40, வண்டியைத் தரையில் இறக்கியபின் 85 நியூட்டன் மீட்டர். இது உங்கள் தலைமுறை ஸ்விஃப்ட்டுக்கான அளவு. ஹோண்டா சிட்டிக்கு 108, டொயோட்டா எடியோஸுக்கு 103. வேறு வண்டிக்கு அதன் கையேட்டைப் பாருங்கள். ரிம் வேறு கம்பெனி அலாய் என்றால் நட்டின் அடிப்பகுதி ரிம்மின் குழிக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கூம்புக் குழியில் உருண்டை நட் போட்டால் கோடளவு இடத்தில்தான் தொடும், எவ்வளவு இறுக்கினாலும் தளரும். ரிம் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ரிம்மையும் மாற்றுங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குங்கள். முதல் மிதி தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் பின்னால் கிடக்கிறது. அதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் மோதியவர்கள் உண்டு. ஆயில் மட்டத்தையும் சரிபாருங்கள். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் காற்று புகுந்திருக்கிறது, பிளீட் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், ரோட்டுக்குப் போகாதீர்கள்.

பேடையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். வெறிச்சோடிய சாலையில் 60-இலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகப் பிரேக் பிடித்து வேகம் குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்து நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும், அதுவே புது உதறலின் விதை.

50 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச்சை மறுபடி வைத்துப் பாருங்கள். புது ஸ்டட்டின் தலை ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் உட்காரும், நட்டில் கால் சுற்று இடம் விடலாம். 100-இல் இன்னொரு முறை. இரண்டாம் முறையும் தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டுப் போகாமல் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டட் தலையையும் ரிம் துளையையும் பாருங்கள். இனி பஞ்சர் கடையில் நிற்கும்போதும் "கன் வேண்டாம் அண்ணே, கையால போதும்" என்று சொல்லிவிட்டு, கடைசி இறுக்கத்தை உங்கள் ரெஞ்ச்சால் நீங்களே போடுங்கள்.